ஏழாவது அலமாரியின் பூட்டு

ஒட்வார் சபதம் எடுத்தது ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. சாய்வு நாற்காலியில் படுத்தபடியே எடுத்தான். படுத்துக்கொண்டு எடுக்கிற சபதத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதை நிறைவேற்ற எழுந்திருக்கவே வேண்டாம்.

சபதத்துக்குக் காரணம் அவன் மனைவி யோரூன்.

"ஆறே வாரம்," என்றாள் யோரூன். "நாப்பது பேர் என்கிட்ட பயிற்சி எடுத்துக்கறாங்க. நாப்பத்தொண்ணாவதா நீயும் சேர்ந்துக்கோயேன்."

"மாட்டேன்."

"போன வாரம் தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வந்து அரை மணி நேரம் மூச்சு வாங்கினே."

"அன்னிக்குத் தபால் கனமா இருந்துச்சு."

"ஒரே ஒரு கார்டு. அதுவும் பல் டாக்டர்கிட்டேருந்து."

"அதுல இருந்த சேதி கனம்."

யோரூன் இடுப்பில் கை வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த இடுப்பு அது. அந்தக் கை ஏறினால் ஊரில் பாதிப் பேர், தங்களுக்கு வயது ஐம்பதானதை மறந்து, வரிசையில் நின்றுவிடுவார்கள். ஒட்வார் மட்டும் நாற்காலியை இன்னும் ஒரு படி பின்னுக்குச் சாய்த்தான்.

"இங்க பாரு யோரூன். உன் பேச்சைக் கேட்டு நான் ஒரு அடி எடுத்து வெச்சேன்னா, இந்த நாற்காலியத் தூக்கிப் படகுக் கொட்டகையில போட்டுடு. இந்த இடத்துல, ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கியே, உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் பயிற்சி பண்ற அந்தத் துடுப்பு மெஷினைக் கொண்டுவந்து வெச்சுக்கோ."

"என் பேச்சைக் கேட்டு?"

"உன் பேச்சைக் கேட்டு."

"ஒரு அடி?"

"அரை அடி!"

"சரி," என்றாள் யோரூன்.

இருபத்தொன்பது வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். யோரூன் அவ்வளவு சீக்கிரம் "சரி" சொன்னது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், தேவாலயத்தில், பாதிரியார் கேட்டபோது.

அந்த நாற்காலியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒட்வார் முப்பத்து நாலு வருஷம் ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடலை, கடக்கும் படகில் வேலை பார்த்தவன். கார்களை இடம் பார்த்து நிறுத்துகிற வேலை. ஒரு விரலை அசைத்தால் இருபது டன் லாரி அரை சாண் இடது பக்கம் நகரும். பிறகு கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டார்கள். படகு நின்றது. படகோடு ஒட்வாரும் நின்றான். நின்றவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சாய்ந்தான். அப்போது வாங்கிய நாற்காலி அது. ஸ்கார்விக் ஊரிலேயே நல்ல ஜன்னல் ஓரத்தில் அதைப் போட்டு, மடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு, ஃபியோர்டில் போகிற வருகிற கப்பலையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான். விசாரணை என்றால் சாதாரண விசாரணை இல்லை. எந்தக் கப்பல், எங்கேயிருந்து, என்ன சரக்கு, மாலுமி ஏன் ஒருமாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறான், காலையில் என்ன சாப்பிட்டிருப்பான், எல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது. வேகவைத்த காட் மீனே ஆனாலும் இறங்காது.

யோரூன் இதையெல்லாம் கவனித்து வைத்திருந்தாள்.

அவளுடைய நாற்பது வாடிக்கையாளர்களும் கணினித் திரைக்குள் இருந்தார்கள். எண்ணெய்க் கிணற்று மேடையில் இரண்டு வாரம் வேலை, நாலு வாரம் வீடு என்று திரிகிறவர்கள், மீன்பிடிக் கப்பலின் சமையல்காரன், வடக்கே ஒரு தீவில் ஆடு வளர்க்கிற அம்மாள், இப்படி ஜிம்மென்று ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாதவர்கள். அவர்கள் யோரூனிடம் கேள்வி கேட்டார்கள். கேட்டதையே கேட்டார்கள். முட்டி வலிக்குது என்று ஒரே வாரத்தில் இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேருக்கும் யோரூன் உட்கார்ந்து பதில் எழுதினாள். எழுதி எழுதி அவளுக்கு மணிக்கட்டு வலித்தது.

ஒரு நாள் காபி வேளையில் சொன்னாள்: "ஒரு நூலகம் கட்டப் போறேன்."

"எங்க? தோட்டத்துலயா?"

"நெட்லப்பா. எல்லாக் கேள்விக்கும் பதிலை ஒரே இடத்துல அடுக்கி வெச்சுடறது. ரெண்டு ரெண்டு நிமிஷப் படம். ஒரு பக்கக் குறிப்பு. யாருக்கு என்ன வேணுமோ, எப்ப வேணுமோ, அவங்களே போய் எடுத்துக்கலாம்."

"நல்லது. என்னை எதுக்குப் பாக்கறே?"

"அதைச் சோதிச்சுப் பாக்க ஒரு ஆள் வேணும். உடற்பயிற்சின்னா என்னன்னே தெரியாத ஆள். கம்ப்யூட்டரும் சுமாராத்தான் தெரியணும். அவனால கண்டுபிடிக்க முடிஞ்சா நாட்டுல எவனாலயும் முடியும்."

ஒட்வாருக்குக் கோபம் வந்தது. கூடவே பெருமையும் வந்தது. பெருமை ஒரு வாஃபிள் அதிகமாகச் சாப்பிட்டிருந்ததால் அது ஜெயித்துவிட்டது.

"எழுந்திருக்கணுமா?"

"வேணாம். கம்ப்யூட்டரை மடியில கொண்டுவந்து வைக்கறேன்."

"இது பயிற்சி இல்லையே?"

"விரலுக்குக் கூட இல்ல."

மறுநாள் சோதனை ஆரம்பமாயிற்று. திரையில் ஏழு அலமாரிகள் தெரிந்தன. யோரூன் கையில் கடிகாரத்தோடு நின்றாள்.

"நீ ஒரு வாடிக்கையாளர்னு வெச்சுக்கோ. எழுந்து நின்னா முட்டி வலிக்குது. மூணே சொடுக்குல பதிலைக் கண்டுபிடி."

ஒட்வார் சொடுக்கினான். இன்னொரு முறை சொடுக்கினான். பதினோரு முறை சொடுக்கியதும் பூசணி விதை ரொட்டி செய்யும் முறை வந்தது.

"இதைத் தின்னா முட்டி சரியாயிடுமா?"

"இல்ல. ‘கீழ்மூட்டு இயக்கத் திறன்’னு ரெண்டாவது அலமாரியில இருக்கே, கண்ணுக்குத் தெரியல?"

"தெரிஞ்சுது. ஏதோ இன்ஜின் சமாச்சாரம்னு நெனச்சேன்."

"அது உன் முட்டிதான்யா!"

"என் முட்டிக்கு அப்படி ஒரு பேர் இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? எழுந்தா கடகடன்னு சத்தம் போடுதுன்னு எழுதி வை. உடனே வந்து எடுத்துக்கறேன்."

யோரூன் கடிகாரத்தைக் கீழே வைத்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து, அலமாரியின் பெயரை அழித்துவிட்டு எழுதினாள்: "எழுந்தா முட்டி கடகடங்குது."

அந்த வாரம் முழுவதும் இப்படியே போனது. "உணவுத் திட்டமிடல்" என்று இருந்தது, ஊரே வெள்ளிக்கிழமை ராத்திரி டாக்கோ தின்கிறதால், "வெள்ளிக்கிழமை டாக்கோவை என்ன செய்யறது?" ஆயிற்று. "குறைந்த இடப் பயிற்சிகள்" போய் "கப்பல் ரூம்ல ரெண்டு மீட்டர்தான் இருக்கு" வந்தது. நாற்பது நிமிஷப் படம் ஒன்றை ஒட்வார் நாலாவது நிமிஷத்திலேயே நிறுத்தினான்.

"ஏன் நிறுத்தினே?"

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு."

"பாப்பியா?"

"என்னிக்குப் பாத்திருக்கேன்?"

யோரூன் அதை இருபது துண்டாக வெட்டினாள். காலியாக இருந்த ஆறாவது அலமாரி ஒட்வார் சொல்லித்தான் நிரம்பியது: "மூணு வாரமா ஒண்ணுமே செய்யல. திட்டாதீங்க." உண்மையைச் சொன்னால், நாற்பது பேருக்கும் அதிகம் தேவைப்பட்ட அலமாரி அதுதான் என்று பிறகு தெரிந்தது. சோம்பேறித்தனத்தில் ஒட்வாருக்கு இருந்த ஞானம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போதும்.

ஏழாவது அலமாரியைச் சொடுக்கினான். திறக்கவில்லை. ஒரு பூட்டுப் படமும் ஆறு வெற்றுக் கட்டங்களும் வந்தன. பெயர்கூட இல்லை.

"யோரூன், இது திறக்கலியே."

"அது திறக்காது."

"உள்ள என்ன இருக்கு?"

"அது வாடிக்கையாளர்களுக்கு."

"நான் சோதிக்கறவன்!"

"ஆறு அலமாரியச் சோதிச்சது போதும். காபி ஆறுது, குடி."

ஒட்வார் காபியைக் குடித்தான். காபி இறங்கவில்லை. வேகவைத்த காட் மீனைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் அவன் கப்பல்களைப் பார்க்கவில்லை. ஆறு கட்டங்களில் கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தான். யோரூன் பிறந்தநாளைப் போட்டான். அது சரியான பிறந்தநாள்தானா என்று சந்தேகம் வந்து இன்னொன்றைப் போட்டான். படகின் பதிவு எண்ணைப் போட்டான். பூட்டு அசையவில்லை.

மூன்றாம் நாள் யோரூன் தன் அறையில் யாரிடமோ திரை வழியே பேசிக்கொண்டிருந்தாள். கதவு அரைச் சாண் திறந்திருந்தது. ஒட்வார் ஒட்டுக் கேட்கவில்லை. காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

"ஏழாவது அலமாரியா? தூரத்துல இருக்கறவங்களுக்கு எண்ணை நானே அனுப்பிடறேன். நம்ம ஊர்க்காரங்களுக்கு தூவா உச்சியில, நோட்டுல எழுதி வைக்கறேன். வாரத்துக்கு ஒரு எண். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். ஏறிப் போறவங்க பாத்துக்கட்டும்."

தூவா ஊருக்குப் பின்னால் நிற்கிற குன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். உச்சியில் கற்குவியல், கற்குவியலில் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டு. ஏறுகிறவர்கள் பெயரை எழுதிவிட்டு இறங்க வேண்டும். ஒட்வார் கடைசியாக அங்கே பெயர் எழுதியபோது அவன் பெயருக்குப் பக்கத்தில் "ஆறாம் வகுப்பு" என்றும் எழுதியிருந்தான்.

ஆறு வாரம் பொறுத்து ஒரே தடவை போய் ஆறு எண்ணையும் பார்த்துவிடலாமே என்று முதலில் கணக்குப் போட்டான். நடக்காது. மே மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஏறினால் ஒரு நோட்டு ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். நிரம்பியதை மலையேறும் சங்கத்தார் எடுத்துப் போய்விடுவார்கள்.

வேறு வழி ஒன்று இருந்தது. அடுத்த வீட்டு ஸ்வெரே. ஓய்வு பெற்ற போஸ்ட்மேன். தினமும் காலையில் தூவாவுக்கு ஏறி இறங்கினால்தான் அவனுக்குப் பொழுது விடியும். ஒட்வார் வேலியோரம் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"டேய் ஸ்வெரே. உச்சியில நோட்டுல யோரூன் பேருக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும். பாத்து வந்து சொல்லேன்."

"அது உனக்கு எழுதினதா?"

"இல்ல."

"அப்ப படிக்க மாட்டேன்."

"நோட்டு திறந்து கெடக்குதுடா! ஊரே படிக்குது!"

"ஊர் படிக்கட்டும். நான் நாப்பது வருஷம் போஸ்ட்மேன். அடுத்தவங்க கார்டைக்கூடப் படிச்சதில்ல."

"விலாசமும் சேதியும் ஒரே பக்கத்துலதானடா இருக்கும்!"

"ஒரு கண்ணை மூடிக்குவேன்."

ஒட்வார் அவனை ஏற இறங்கப் பார்த்தான். இந்த மனுஷன் கையில் தந்த கார்டுகளைத்தான் வாழ்நாள் முழுவதும் வாங்கியிருக்கிறோம் என்று நினைக்க அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"வேணும்னா நீயே ஏறு," என்றான் ஸ்வெரே. "நான் உன்னையும் பாக்க மாட்டேன்."

சிக்கல் இதுதான். ஏறுவதை யோரூன் பார்த்தால் நாற்காலி போச்சு. ஏறாவிட்டால் ஏழாவது அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சாக வேண்டியதுதான். ஒட்வார் இரண்டையும் எடை போட்டான். பிறகு பழைய ரப்பர் பூட்ஸைத் தேடினான்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் யோரூன்.

"படகுக் கொட்டகைக்கு. படகுக்குத் தார் பூசணும்."

"நல்லது. மெதுவாப் பூசு."

முதல் நாள் வழியிலுள்ள முதல் பெஞ்சு வரை போனான். அவன் மூச்சு வாங்கிய சத்தத்தில் மூன்று ஆடுகள் புல்வெளி மாறின. இரண்டாம் நாள் இரண்டாவது பெஞ்சு. அங்கே ஓர் அரைமணி நேரம், தன் இதயம் காதுக்குள் தச்சுவேலை செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும், சோதனைக்காக மட்டும், "ஏறினா மூச்சு முட்டுது" என்ற படத்தைப் போட்டுப் பார்த்தான். திரையில் யோரூன் வந்தாள்.

"அவசரமே வேணாம்," என்றாள். "பேசிக்கிட்டே நடக்கற வேகத்துல போனாப் போதும். நின்னாலும் தப்பில்ல. நிக்கறதும் ஏறுறதுல சேர்த்திதான்."

ஒட்வார் திரையை உற்றுப் பார்த்தான். இருபத்தொன்பது வருஷத்தில் இந்தக் குரலை அவன் கேட்டதில்லை. குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லும்போது இந்தக் குரல் வராது. படத்தை மறுபடி போட்டான். சோதனைக்காகத்தான். நாலு தடவை.

அடுத்த முறை பேசிக்கொண்டே ஏறினான். பேச ஆள் இல்லாததால் ஆடுகளிடம் பேசினான். உச்சி வந்துவிட்டது. இரும்புப் பெட்டியைத் திறந்து, நோட்டைப் புரட்டினான். "யோரூன். மேற்குக் காற்று. லேசான தூறல்." பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள்: 4.

நாலு! கொலம்பஸுக்குக் கரை தெரிந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. பெட்டியை மூடினான். இறங்கப் பத்தடி வைத்தான். நின்றான்.

பெயர் எழுதவில்லையே.

எழுதக் கூடாது. எழுதினால் மாட்டிக்கொள்வான். ஆனால் உச்சிக்கு வந்துவிட்டுப் பெயர் எழுதாமல் இறங்குவது எப்படி? இந்த ஊரில் ரொட்டியில் பழுப்புச் சீஸ் இல்லாமல் மனுஷன் இருந்துவிடுவான், வரி கட்டாமல்கூட இருந்துவிடுவான். நோட்டில் எழுதாமல் இறங்கியவன் என்று ஒருவன் பிறந்ததில்லை. ஒட்வாரின் கால்கள் இறங்க மறுத்தன. திரும்பிப் போனான். பென்சிலை எடுத்தான். கொஞ்சம் யோசித்து எழுதினான்: "ஸ்டூரே. ஸ்வீடன். காட்சி அருமை. எங்கள் நாட்டில் இப்படி இல்லை."

கடைசி வாக்கியம் எழுதும்போது அவன் தேசபக்தி தளும்பிவிட்டது. தன் நாட்டைவிடப் பக்கத்து நாடு உசத்தி என்று எந்த ஸ்வீடன்காரனும் எழுத மாட்டான் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

இறங்கி, கொட்டகையில் தார் டப்பாவைத் திறந்து கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"ஆச்சா?"

"ஒரு பூச்சு ஆச்சு."

"வேர்த்திருக்கே."

"தார் கெட்டியா இருக்கு."

யோரூன் எண் எழுதும் நாளை யாராலும் ஊகிக்க முடியவில்லை. ஒரு வாரம் திங்கள், அடுத்த வாரம் வியாழன். வாரத்துக்கு மூன்று நாள் போனால்தான் நோட்டு மாறும் முன் பிடிக்கலாம். ஒட்வார் வாரத்துக்கு மூன்று நாள் தார் பூசினான். ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வர, ஒரு சின்னப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தான். புதர் அவனைவிடச் சின்னது. பிள்ளைகள் நாகரிகமானவர்கள், ஒவ்வொருவராக "ஹாய்" சொல்லிவிட்டுப் போனார்கள்.

0 கிடைத்தது. 7 கிடைத்தது. மே பதினேழு, நாடே கொடி பிடித்து நடக்கிற நாளில், ஒட்வார் கோட்டுப் போட்டபோது இரண்டு பித்தானும் தானாகப் பூட்டிக்கொண்டன.

"துணி விட்டுக்கொடுத்திருக்கு," என்றான் கண்ணாடியைப் பார்த்து.

"நல்ல துணி," என்றாள் யோரூன்.

2 கிடைத்தது. ஸ்டூரே எழுதும் குறிப்புகள் நீண்டன. ஒரு நாள் எட்டு வரி எழுதினான். 9 கிடைத்த நாளில் இரண்டு பெஞ்சிலும் உட்காராமலே ஏறிவிட்டதை இறங்கும்போதுதான் கவனித்தான். திரும்பிப் போய் இரண்டிலும் உட்கார்ந்துவிட்டு வந்தான், பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று.

"எத்தனை பூச்சு ஆச்சு?" என்றாள் யோரூன் அன்றைக்கு.

"பதினஞ்சு."

"படகு இன்னும் இருக்கா, வெறும் தாரா?"

"மரம் நிறையக் குடிக்குது யோரூன். பழைய மரம்."

ஜூன் மாதம் இரண்டாம் வாரம், புதன்கிழமை, கடைசி எண் கிடைத்தது: 1. ஒட்வார் தூவாவிலிருந்து ஓடி இறங்கினான். ஆமாம், ஓடினான். நான் மிகைப்படுத்திச் சொல்கிறவன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டத்துக்குச் சாட்சி உண்டு என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

வீட்டில் யோரூன் இல்லை. நாற்காலியில் விழுந்தான். கணினியை மடியில் வைத்தான். 4, 0, 7, 2, 9, 1. பூட்டு திறந்தது. அலமாரியின் பெயர் மெல்ல வந்தது:

"வீட்டுல ஒருத்தர் அசையவே மாட்டேங்கறார். என்ன செய்யறது?"

உள்ளே பதினெட்டுப் படங்கள். எல்லாம் இரண்டு இரண்டு நிமிஷம். அவன் முதல் படத்தைச் சொடுக்கினான்.

ஒரு மலைப் பாதை. தூரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட பருத்த உருவம் ஒன்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று ஆடுகள் அதைப் பார்க்கின்றன. பிறகு யோரூனின் குரல். அந்த மெதுவான குரல்.

"என்கிட்ட முப்பத்தோரு பேர் இதே கேள்வியக் கேட்டீங்க. முதல் வாரம்: எதுவும் சொல்லாதீங்க. சொன்னா நின்னுடுவாங்க. அவங்களுக்கு எதுல ஆசைன்னு பாருங்க. சில பேருக்குப் போட்டி. சில பேருக்குப் பாராட்டு. நம்ம ஆளுக்கு ஒரு பூட்டு போதும்."

ஒட்வார் சிவப்புத் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரும்பப் போட்டான்.

நாலாவது படம்: "தார் வாசனை அடிச்சா எதுவும் கேக்காதீங்க." ஏழாவது படம்: புதரும், புதருக்கு இரண்டு பக்கமும் பிதுங்கிய ஒட்வாரும், கையசைக்கும் பிள்ளைகளும். பதினொன்றாவது படத்தில் அவன் உச்சியில் நின்று, யாருமில்லையென்று நினைத்து, ஆடுகளுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வாடிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். "ஸ்டூரே ரெண்டாவது பெஞ்சைத் தாண்டிட்டாரா?" என்று கப்பல் சமையல்காரன். "எங்க வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கொட்டகைச் சாவியை ஒளிச்சு வெச்சேன். தீவை மூணு சுத்து சுத்திட்டார்" என்று வடக்கே இருந்த அம்மாள்.

பதினெட்டாவது படம் அன்றைக்கு எடுத்தது. பாதையில் சிவப்புத் தொப்பி ஓடி வருகிறது. யோரூன் சொன்னாள்: "இந்த ஆளோட இன்னும் முப்பது வருஷம் சண்டை போடணும் எனக்கு. அதுக்கு அவருக்கு மூச்சு வேணும். அவ்வளவுதான்."

கதவருகே சத்தம் கேட்டது. யோரூன் கழுத்தில் பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தாள். ஒட்வாரின் பைனாகுலர்.

"எங்கேருந்து எடுத்தே?" என்றான் ஒட்வார். கணினியைப் பட்டென்று மூடினான்.

"உன் நாற்காலியிலேருந்துதான். உட்கார்ந்தா வலது பக்கம் தூவா முழுசாத் தெரியுது. கேமராவை பைனாகுலர்ல ஒட்டி வெச்சா சுருக்கம் வரைக்கும் விழுது. நீ இடது பக்கம் கப்பலை மட்டுமே பாத்துக்கிட்டிருந்தே."

"நாப்பது பேரும் பாத்திருக்காங்க!"

"நாப்பது பேரும் பாத்தாங்க. அவங்க வீட்டுல அசையாம இருந்தவங்கள்ல பன்னெண்டு பேர் இப்ப அசையறாங்க."

"பூட்டு?"

"உனக்கு மட்டும். மத்தவங்களுக்குத் திறந்துதான் இருந்துச்சு."

"கதவு அரைச்சாண் திறந்திருந்துச்சே அன்னிக்கு?"

"நான்தான் திறந்து வெச்சேன். நாலு தடவை சத்தமாச் சொல்ல வேண்டியதாப் போச்சு. மூணு தடவை நீ தூங்கிட்டே. திரையில யாருமே இல்ல."

திடீரென்று ஒட்வாரின் முகம் மலர்ந்தது. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நீ என்னை ஏறச் சொல்லவே இல்லையே!"

"இல்ல."

"ஒரு வார்த்தை?"

"ஒரு வார்த்தை சொல்லல."

"அப்ப உன் பேச்சைக் கேட்டு நான் ஒரு அடிகூட வெக்கல! நானா ஏறினேன். நானா இறங்கினேன். சபதம் சபதமா இருக்கு. நாற்காலி என்னுது! துடுப்பு மெஷின் கிடையாது!"

யோரூன் யோசித்தாள். "நியாயம்தான்," என்றாள். "நாற்காலி உன்னுதுதான்."

"எழுதித் தருவியா?"

"தர்றேன்."

"எங்கேயும் நகர்த்தக் கூடாது."

"ஒரு அங்குலம் நகர்த்த மாட்டேன். இந்தா உன் பைனாகுலர்."

ஒட்வார் சாய்ந்தான். ஆறு வாரத்தில் முதல் முறையாக முழுதாகச் சாய்ந்தான். ஒரு போரில் ஜெயித்த நிம்மதி உடம்பெல்லாம் பரவியது. வலது பக்கம் நிஜமாகவே அவ்வளவு நன்றாகத் தெரிகிறதா என்று, ஒரு சந்தேகத்துக்காக, பைனாகுலரைத் திருப்பினான்.

தெரிந்தது. உச்சியில் ஸ்வெரே உட்கார்ந்திருந்தான். மடியில் நோட்டு. எழுதிக்கொண்டிருந்தான். ஸ்வெரே தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதாதவன். எழுதிக்கொண்டே இருந்தான். பக்கத்தைப் புரட்டி எழுதினான். நிறுத்தி, ஒட்வாரின் வீட்டுப் பக்கம் பார்த்து, தொடையில் அடித்துச் சிரித்தான். பிறகு மறுபடி எழுதினான்.

"என்னத்த எழுதறான் அவன்?" என்றான் ஒட்வார்.

"யாரு?" என்றாள் யோரூன், காபிக் கோப்பையோடு.

"ஒண்ணுமில்ல."

ஒரு நிமிஷம் பொறுத்தான். இரண்டு நிமிஷம் பொறுத்தான். ஸ்வெரே மூன்றாவது பக்கத்துக்குப் போய்விட்டான்.

ஒட்வார் எழுந்தான். பூட்ஸ் போட்டுக்கொண்டான்.

"எங்க?"

"சும்மா. படகைப் பாத்துட்டு வரேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யோரூன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, கேமராவை பைனாகுலரில் பொருத்தி, "பத்தொன்பது," என்றாள்.